மூச்சு இருக்கிற வரைக்கும் தான் வேட்டை: ஹவாய்க் கடலும் ஒரு ஈட்டியும்

ஹவாய்ல மீன் பிடிக்கக் கிளம்புற ஆளுகிட்ட "எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு கேட்டா, "மீன் பிடிக்க"ன்னு பதில் வராது. "ஹோலோஹோலோ"ன்னு சொல்லுவாங்க. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரேன்னு அர்த்தம். வாய்விட்டுச் சொன்னா மீனுக்குக் காது கேட்டுடுமாம், அன்னிக்கு ஒண்ணும் சிக்காதாம். வெளியே போறவனை "எங்க போற"ன்னு கேக்காதேன்னு நம்ம பாட்டிங்க சொல்றது மாதிரி தான். :-)

கொஞ்ச நாளா இந்த ஹவாய் மீன் வேட்டை பத்தித் தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். தூண்டில் இல்லை, வலை இல்லை. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கையில ஒரு ஈட்டியோட பவளப்பாறைக்கு முங்கிப் போய், மீனைக் குத்திக்கிட்டு மேல வர்றது. முதுகுல காத்து சிலிண்டர் எல்லாம் கிடையாது. முதல்ல கருவிகளைப் பத்தித் தான் படிக்க ஆரம்பிச்சேன். ஈட்டி எந்த மரம், ரப்பர் எப்ப வந்துச்சு, இப்படி. ஆனா படிக்கப் படிக்க கதை வேற பக்கம் திரும்பிடுச்சு. கடைசியில நான் வந்து நின்ன கேள்வி இது தான்: அந்தப் பாறையில இருக்கிற மீன் யாருக்குச் சொந்தம்? எவ்வளவு பிடிக்கலாம்னு யார் சொல்றது? இருநூறு வருஷத்துல இந்தக் கேள்விக்கு அந்தத் தீவுகள் நாலு விதமா பதில் சொல்லியிருக்கு. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

குத்துக்கால் போட்டு உக்காந்த வேட்டைக்காரன்

1883ல் எம்மா மெட்காஃப் பெக்லி என்ற ஹவாய்ப் பெண்மணி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஹவாய் மக்களின் மீன்பிடி முறைகள் பற்றியது. அப்போது அவர் அங்கிருந்த தேசிய அருங்காட்சியகத்தின் காப்பாளர். அந்தக் காலத்துல ஒரு பெண் அந்தப் பொறுப்புல இருந்ததே பெரிய விஷயம். முங்கிப் போய் ஈட்டியால் குத்தும் முறையைப் பற்றி அவர் விவரமா எழுதியிருக்கார்.

ஈட்டி ஆறேழு அடி நீளம், மெலிசு. கௌயிலா மாதிரி இரும்பு போல கெட்டியான மரத்துல செஞ்சது. கௌயிலா தண்ணியில மிதக்காது, மூழ்கிடும். அவ்வளவு கனம். முங்குறவன் மீனைத் துரத்திக்கிட்டு ஓட மாட்டான். நேரா அடிக்குப் போய், பாறை ஓரமா ஒரு இடம் பிடிச்சு, பாதி குத்துக்கால் போட்ட மாதிரி உக்காந்துக்குவான். மீன் தானா முன்னாடி கடக்கும். அப்ப ஒரே குத்து.

இதுல ஒண்ணு கவனிங்க. அன்னிக்கு அவங்ககிட்ட நீச்சல் கண்ணாடி கிடையாது. வெறும் கண்ணை தண்ணிக்குள்ள திறந்தா எல்லாமே கலங்கலா தான் தெரியும், ஏன்னா நம்ம கண்ணோட முன்பக்க வளைவு காத்துல ஒளியை வளைக்கிற மாதிரி தண்ணியில வளைக்க முடியாது. நிழல் மாதிரி உருவம் தெரியும், அசைவு தெரியும். அதனால தான் துரத்தாம காத்திருந்தாங்கன்னு எனக்குத் தோணுது. இன்னிக்கு முகமூடி, நீளத் துடுப்பு, கார்பன் ஃபைபர் எல்லாம் வந்த பிறகும், நல்லா வேட்டையாடுறவங்க செய்யறது இதே தான். அடியில போய்ப் படுத்து, அசையாம இருந்து, ஒரு பிடி மணலை அள்ளி விட்டு, "என்னடா அது"ன்னு பாக்க வர்ற மீனுக்காகக் காத்திருப்பாங்க.

முதல் பதில்: கப்பு

இந்தக் 'கப்பு' நம்மூர் கப்பு இல்லை. ஹவாய் மொழியில விலக்கு, தடை, புனிதம் எல்லாம் சேர்ந்த ஒரு சொல். டோங்கா தீவுல இதையே 'தப்பு'ன்னு சொல்றாங்க (தமிழ்ல படிச்சா என்ன பொருத்தம் பாருங்க!). கேப்டன் குக் அங்கேயிருந்து கொண்டு போன அந்தச் சொல் தான் ஆங்கிலத்துல 'டாபூ' ஆச்சு. அதே குக் 1778ல் ஹவாய்க்கு வந்தார். அடுத்த வருஷமே கெயலகெகுவா விரிகுடாவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார்.

கப்புல மீனுக்கும் சட்டம் இருந்துச்சு. சூரை வகையான அக்கு மீனுக்கும் ஓபெலு மீனுக்கும் மாத்தி மாத்தி ஆறு மாசம் தடை. ஒண்ணு திறந்திருந்தா இன்னொண்ணு மூடியிருக்கும். மீறினா தண்டனை மரணம். எண்ணிப் பாத்தா இது நல்ல ஏற்பாடு தானே? மீனுக்கும் ஓய்வு, மனுஷனுக்கும் சாப்பாடு.

ஆனா இதைப் பொற்காலம்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரலை. அதே கப்பு தான் பெண்கள் பன்னிக்கறி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிச்சு. உலுவா என்கிற பெரிய பாறை மீன், கூமூ என்கிற சிவப்பு நவரை, ரெண்டும் பெண்களுக்கு விலக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்து உக்காந்து சாப்பிடவே கூடாது. மீனைக் காப்பாத்துன சட்டமும் பெண்ணை ஒதுக்குன சட்டமும் ஒரே நூல்ல கோத்தது.

அந்த நூல் 1819ல் அறுந்துச்சு. முதலாம் கமேஹமேஹா மன்னர் அந்த வருஷம் மே மாதம் இறந்தார். சில மாதங்களில் அவருடைய மனைவிகளில் ஒருவரான கஅஹுமனுவும், புது மன்னர் லிஹோலிஹோவின் தாய் கெயோபூவோலனியும் முன்னால் நின்று, மன்னரைப் பெண்களோடு ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார்கள். ஒரு சாப்பாட்டுல ஒரு சட்ட அமைப்பே சரிஞ்சுது. சாமி கோபப்படும்ங்கிற பயம் போயிடுச்சு. அப்ப கடலை யார் பாத்துக்கறது?

இரண்டாவது பதில்: மலையிலிருந்து கடல் வரைக்கும்

ஹவாய்ல நிலத்தைப் பிரிச்ச விதம் ரொம்ப அழகு. 'அஹுபுவாஆ'ன்னு பேரு. மலை உச்சியிலிருந்து கேக் வெட்டுற மாதிரி ஒரு துண்டு, கீழே அகலமாகி, கரையைத் தாண்டி பவளப்பாறை வரைக்கும் போகும். மரம், தண்ணி, சேப்பங்கிழங்கு வயல், மீன் எல்லாம் ஒரே துண்டுக்குள்ள. அதை மேற்பார்வை பாக்கிற ஆளுக்கு 'கொனொஹிக்கி'ன்னு பேரு. பண்ணையார், மணியக்காரர், மீன்வளத்துறை அதிகாரி மூணும் ஒரே ஆள்னு வெச்சுக்கங்களேன். கப்பு போன பிறகும் இவர் போகலை.

1839ல் மூன்றாம் கமேஹமேஹா இதை எழுத்துச் சட்டமாவே ஆக்கினார். பாறைக்கு வெளியே இருக்கிற கடல் பொதுமக்களுக்கு. பாறையிலிருந்து கரை வரைக்கும் இருக்கிற கடல் அந்தந்த நிலத்தோட கொனொஹிக்கிக்கும், அந்த நிலத்துல வாழுற குடிகளுக்கும். வெளியூர்க்காரன் வந்து ஈட்டியைத் தூக்க முடியாது. கொனொஹிக்கி தனக்குன்னு ஏதாவது ஒரு வகை மீனை ஒதுக்கி வெச்சுக்கலாம். இல்லைன்னா குடிகளோட கலந்து பேசி சில மாசம் மீன்பிடியை மூடி, திறந்த பிறகு பிடிக்கிறதுல மூணுல ஒரு பங்கு வாங்கிக்கலாம். பாறையே இல்லாத கரைக்கு என்ன பண்றதுன்னு கேள்வி வந்தப்ப, கரையிலிருந்து ஒரு மைல்னு கணக்கு சொன்னாங்க.

மூணுல ஒரு பங்குங்கிறது குறைச்சல் இல்லை. ஆனா இதுல ஒரு சூட்சுமம் உண்டு. அந்தப் பாறையில மீன் தீர்ந்துட்டா கொனொஹிக்கிக்கும் பங்கு இல்லை, குடிகளுக்கும் சோறு இல்லை. ரெண்டு பேரும் அங்கேயே தான் இருந்தாகணும். அதனால அளவு மீறினா தட்டிக் கேக்க ஆள் இருந்துச்சு. தட்டிக் கேக்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனா இருந்தான்.

மூன்றாவது பதில்: எல்லாருக்கும்!

1893ல் ராணி லிலியுஒகலனியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1898ல் அமெரிக்கா தீவுகளை இணைத்துக் கொண்டது. 1900ல் வந்த நிர்வாகச் சட்டத்தில் மீனுக்கென்றே இரண்டு பிரிவுகள் இருந்தன. மீன் குளங்கள் நீங்கலாக ஹவாயின் கடல் மீன்வளம் முழுவதும் அமெரிக்கக் குடிமக்கள் எல்லாருக்கும் பொது. ஏற்கெனவே உரிமை உள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் நீதிமன்றத்தில் மனு போட்டு நிரூபிக்க வேண்டும். பல பேர் போடவே இல்லை. உரிமை காலாவதி.

கேக்க நல்லா தானே இருக்கு, 'எல்லாருக்கும் பொது'ன்னு? ஜனநாயகம் மாதிரி இருக்கு. ரெண்டு விஷயம் உள்ளே ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, 'குடிமக்கள்'ங்கிற வார்த்தை. அப்ப ஹவாய்க் கடல்ல ஜப்பானியர் கை ஓங்கிக்கிட்டு வந்த நேரம். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து, அதை விட்டு கடலுக்குப் போனவங்க அவங்கள்ல நிறைய பேர். ஜப்பான்ல பிறந்து வந்தவங்க 1952 வரைக்கும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே முடியாது. எல்லாருக்கும்னு சொன்ன சட்டத்துல அவங்க இல்லை.

ரெண்டாவது, பழைய உரிமையைக் காப்பாத்திக்கிட்டது யாருங்கிறது. 1904ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்ச வழக்கு ஒண்ணு உண்டு. மோஅனலுவா கடற்பகுதியின் மீன்பிடி உரிமை சம்பந்தப்பட்டது. ஜெயிச்சவர் சாமுவேல் டேமன், ஹொனொலுலுவின் பெரிய வங்கிக்காரர். தலைவனையும் குடிகளையும் மனசுல வெச்சு எழுதின சட்டம், கடைசியில வக்கீல் வெச்சு வாதாட வசதி இருந்தவருக்கு உதவுச்சு. அவர் மேல தப்புன்னு நான் சொல்லலை. சட்டப்படி சரி. ஆனா குடிகள் எங்கே போனாங்க?

ஆக, மேற்பார்வைக்காரன் போயாச்சு. புதுசா வந்த அரசாங்கம் தூரத்துல இருக்கு. பாறை திறந்து கிடக்கு. சரியா இந்த நேரத்துல தான் கருவி மாற ஆரம்பிக்குது.

கண் திறந்தது

ஒகினாவா தீவுல இட்டோமான்னு ஒரு மீனவ ஊரு. 1880கள்ல அங்கே மரத்துல குடைஞ்சு கண்ணாடி பதிச்ச சின்ன நீச்சல் கண்ணாடி செஞ்சாங்க. கண்ணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தனித்தனி கிண்ணம். நூலைக் கட்டி தலையில மாட்டிக்கலாம். ஒகினாவாவிலிருந்து ஹவாய்க்கு முதல் தோட்டத் தொழிலாளர் குழு வந்து இறங்கியது 1900 ஜனவரியில். கடலைத் திறந்து விட்ட அந்தச் சட்டமும் அதே வருஷம். வரலாறு சில நேரம் தேதியில விளையாடும்.

ஜப்பான், ஒகினாவா குடியேறிகளோட அந்தக் கண்ணாடியும் ஹவாய்க் கரைக்கு வந்துச்சு. கலங்கலா தெரிஞ்ச பாறை ஒரே நாள்ல பளிச்சுன்னு ஆயிடுச்சு. எந்தப் பொந்துல என்ன மீன் இருக்குன்னு தெரியும். உக்காந்து காத்திருக்க வேண்டாம், தேடிப் போகலாம். ஈட்டி வரலாற்றுல இதை விடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லைன்னு நான் நினைக்கிறேன். கூர்முனை இரும்பானது கூட இதுக்கு அடுத்தபடி தான்.

ஒரு குறை உண்டு. ஆழம் போகப் போக அந்தக் கண்ணாடி கிண்ணத்துக்குள்ள இருக்கிற காத்து சுருங்கி, கண்ணைப் பிடிச்சு இழுக்கும். மூக்கையும் சேர்த்து மூடுற முகமூடி வந்த பிறகு தான், மூக்கு வழியா கொஞ்சம் காத்தை உள்ளே விட்டு சரிக்கட்ட முடிஞ்சுது.

1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்புறம் ஜப்பானிய மீனவர்களோட படகுகள் பறிபோச்சு. வைக்கிக்கி கடற்கரையில முள்கம்பி வேலி போட்டாங்க. அதே போர் தான் புதுக் கருவியையும் கொண்டு வந்துச்சு. ஓவன் சர்ச்சில்ங்கிற அமெரிக்கப் படகுப் பந்தய வீரர் காப்புரிமை வாங்கின ரப்பர் துடுப்பை கடற்படை முக்குளிப்பாளர்கள் காலில் மாட்டினார்கள். அவங்களுக்குப் பயிற்சி முகாம் மௌயி தீவுல கீஹேயில தான் நடந்துச்சு.

போர் முடிஞ்ச பிறகு துடுப்பு, முகமூடி, ரப்பர் குழாய் எல்லாம் சாதாரண ஜனங்க கைக்கு வந்துச்சு. ஈட்டியோட பின்முனையில ரப்பர் வளையம் கட்டி, அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாட்டி இழுத்துப் பிடிச்சு விட்டா, ஈட்டி பாயும். முனையில மூணு முள். அங்கே 'த்ரீ ப்ராங்'னு கூப்பிடுவாங்க. பசங்க முதல்ல பழகுறது இதுல தான். மரக்குழாய்க்குள்ள ஈட்டியைச் செருகி உண்டிவில் மாதிரி விடுற இன்னொரு கருவிக்கு உலகம் முழுக்க 'ஹவாயன் ஸ்லிங்'னு பேரு. வேடிக்கை என்னன்னா அது இன்னிக்கு ஹவாயை விட பஹாமாஸ்ல தான் பிரபலம். அங்கே விசை வெச்ச ஈட்டித் துப்பாக்கிக்குத் தடை, இதுக்கு அனுமதி உண்டு.

1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ல அமெரிக்காவுக்காக நீந்தின ஹவாய்க்காரர் சான்னி டனாபே. ஜப்பானிய வம்சாவளி. நீச்சல் வீரர்ங்கிறதை விட ஈட்டி வேட்டைக்காரர்னு தான் தீவுல பேரு. ஹவாய் ஈட்டி வேட்டையோட வரலாற்றை பின்னாடி அவரே புத்தகமா எழுதினார். போன தலைமுறையில குடியுரிமை கிடைக்காத சமூகத்திலிருந்து வந்த ஒருத்தர், அந்தக் கடலோட வரலாற்றை எழுதுற ஆளா ஆனார். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது.

உஹு தூங்குற நேரம்

1943ல் குஸ்தோவும் காக்னானும் தண்ணிக்கடியில மூச்சு விடுற கருவியைக் கண்டுபிடிச்சாங்க. அது ஈட்டியோட சேர்ந்தப்ப தான் விபரீதம் ஆரம்பிச்சுது.

ஹவாய்ல கிளி மீனுக்கு 'உஹு'ன்னு பேரு. கிளி மூக்கு மாதிரி கெட்டியான வாய். பாறையைக் கொறிச்சுப் பாசியைத் தின்னும். தின்ன பவளத்தை மணலா வெளியே விடும். ஒரு பெரிய உஹு வருஷத்துக்கு நூத்துக்கணக்கான கிலோ மணல் போடும். நீங்க போட்டோவுல பாக்கிற வெள்ளை மணல் கடற்கரையில நல்ல பங்கு, மரியாதையா சொன்னா, உஹுவோட கொடை. :-) அதை விட முக்கியம், பாசியை இது தின்னாம விட்டா பவளம் மூச்சு முட்டிச் செத்துடும்.

உஹுவுக்கு ரெண்டு குணம் உண்டு. ஒண்ணு, பெரும்பாலானவை பெண்ணா வளர்ந்து, பெருசானதும் சிலது ஆணா மாறும். பெண் மங்கின செம்பழுப்பு நிறம், ஆண் பளபளன்னு நீலம். கூட்டத்துல ஆண் போயிட்டா பெரிய பெண் ஒண்ணு ஆணா மாறிடும். இப்ப யோசிங்க. வேட்டைக்காரன் எதைக் குத்துவான்? பெருசா, நீலமா இருக்கிறதை. குத்தக் குத்த, முட்டை போட வேண்டிய பெரிய பெண் மீன்கள் ஆணா மாறிக்கிட்டே போகும். வலை கண்ணை மூடிக்கிட்டு அள்ளும். ஈட்டி பாத்துத் தேர்ந்தெடுக்கும். ஈட்டி நல்லதுன்னு சொல்றவங்களும் இதைத் தான் சொல்லுவாங்க, ஈட்டி கெட்டதுன்னு சொல்றவங்களும் இதைத் தான் சொல்லுவாங்க. ரெண்டும் உண்மை.

ரெண்டாவது குணம், ராத்திரி பொந்துக்குள்ள போய்த் தூங்கும். சில வகை தன்னைச் சுத்தி வழவழன்னு ஒரு உறையே கட்டிக்கும். மூச்சடக்கிப் போறவனுக்கு ராத்திரி பொந்து பொந்தா தேட நேரம் இல்லை. சிலிண்டரும் டார்ச்சும் இருந்தா, தோட்டத்துல கத்தரிக்காய் பறிக்கிற மாதிரி பறிச்சுக்கிட்டு வரலாம்.

2002ல் ஃப்ரீட்லாண்டர், டிமார்ட்டினி என்ற இரண்டு ஆய்வாளர்கள், மக்கள் வாழும் முக்கிய ஹவாய்த் தீவுகளையும், ஆளே இல்லாத வடமேற்குத் தீவுகளையும் ஒப்பிட்டார்கள். ஆளில்லாத பக்கம் மொத்த மீன் எடையில் பாதிக்கு மேல், 54 சதவீதம், உலுவா, சுறா மாதிரி பெரிய வேட்டை மீன்கள். ஆள் வாழும் பக்கம் அதுவே 3 சதவீதத்துக்கும் குறைவு. பழி முழுக்க ஈட்டி மேல இல்லை. வலை, மண் அரிப்பு, சாக்கடை, கரையோரக் கட்டடம் எல்லாம் இருக்கு. ஆனாலும் அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா வயித்தைக் கலக்குது.

நடுவுல அரசாங்கம் செஞ்ச உபகாரம்

மீன் குறையுதுன்னு தெரிஞ்சதும் 1950கள்ல அங்கே இருந்த மீன்வளத் துறை ஒரு யோசனை பண்ணுச்சு. வெளியிலிருந்து மீனைக் கொண்டு வந்து விடலாம்! 1956ல் மொரேயா தீவிலிருந்து 'ரோய்'னு ஒரு களவா வகை மீன் வந்துச்சு. ருசியான மீன், பிடிக்கிறவங்களுக்கு வேட்டைன்னு திட்டம். ரோய் நல்லாப் பெருகுச்சு. ஆனா அதோட உடம்புல சிகுவாட்டெரான்னு ஒரு விஷம் சேர்ந்துடும். சாப்பிட்டா வாந்தி, பேதி, கை கால் மரத்துப் போறது. சமைச்சாலும் போகாது. அதனால யாரும் சாப்பிட மாட்டாங்க. ரோய் மட்டும் பாறையில இருக்கிற குட்டி மீன்களைத் தின்னுக்கிட்டு ஜாலியா இருந்துச்சு.

2000கள்ல ஈட்டி வேட்டைக்காரங்களே கூடி, போட்டி வெச்சு ரோயை மட்டும் குத்தி எடுக்க ஆரம்பிச்சாங்க. நல்ல மனசு தான். ஆனா புவாகோ பகுதியில ரோயை அகற்றிப் பார்த்த ஆய்வின் முடிவு 2014ல் வந்தப்ப, மத்த மீன்கள் பெருசா கூடினதா தெரியலை. உள்ளே விட்டது சுலபம், வெளியே எடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டு வர்றது அவ்வளவு சுலபம் இல்லை.

நான்காவது பதில்: கொஞ்சம் பொறு

இப்ப தான் கதை ஒரு வட்டம் அடிக்குது. 1967ல் ஹனவுமா விரிகுடாவில் மீன்பிடியை நிறுத்தினாங்க. 1978ல் வைக்கிக்கி பக்கத்துல ஒரு பகுதியை மாத்தி மாத்தித் திறந்து மூடுற முறை வந்துச்சு. இதைப் படிச்சதும் அக்கு, ஓபெலு ஞாபகம் வந்துச்சா? எனக்கும் வந்துச்சு. அதே 1978ல் மாநில அரசியல் சட்டத்திலும் ஒரு திருத்தம். 1778க்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களான அஹுபுவாஆ குடிகளின் மரபு உரிமைகளைக் காக்க வேண்டும் என்று எழுதினார்கள். எங்கே போனாங்கன்னு மேல கேட்டேனே, அந்தக் குடிகள் சட்டத்துக்குள்ள திரும்பி வந்தாங்க.

2009ல் மௌயியின் கஹெகிலி பகுதியில் பாசி தின்னும் மீன்களைப் பிடிக்கத் தடை. ஆறு வருஷத்துல அங்கே கிளி மீன்களோட மொத்த எடை ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு. 2013 டிசம்பரில் ஹவாய்த் தீவின் மேற்குக் கரை முழுக்க, சுமார் 235 கிலோமீட்டருக்கு, சிலிண்டரோடு ஈட்டி வேட்டை தடை. 2014ல் மௌயியில் நீல ஆண் உஹுவின் பெரிய வகைகளைத் தொடக் கூடாது, உஹு ஒரு ஆளுக்கு நாளைக்கு ரெண்டு தான் என்று விதி.

கவாய் தீவுல ஹாஎனான்னு ஒரு ஊரு. அந்த ஊர்க்காரங்க தங்க கடலுக்குத் தாங்களே விதி எழுதணும்னு கேட்டாங்க. 2006ல் சட்டசபை ஒத்துக்கிச்சு. விதிகள் அமலுக்கு வர 2015 ஆச்சு. ஒன்பது வருஷம்! கூட்டம், கூட்டம், கூட்டம். காஊப்பூலேஹு பகுதி மக்கள் 2016ல் தங்கள் பாறைக்குப் பத்து வருஷ ஓய்வு வாங்கினாங்க. அவங்க இயக்கத்தோட பேரு 'ட்ரை வெய்ட்'. அந்தத் தீவோட பேச்சு வழக்குல 'கொஞ்சம் பொறு'ன்னு அர்த்தம். அதுக்கு முந்தின வருஷம் தான், 2015ல், கடல் சூடேறி அந்தக் கரை முழுக்கப் பவளம் வெளிறிப் போயிருந்துச்சு. பாசி தின்கிற மீன் எவ்வளவு தேவைன்னு அப்ப எல்லாருக்கும் புரிஞ்சுது.

மூச்சு என்கிற சட்டம்

சிலிண்டர் தடைக்கு எதிர்வாதமும் உண்டு. "எத்தனை மீன், எவ்வளவு நீளம்னு விதி போடு. கருவி மேல ஏன் விதி?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி தான். என் பதில் இது: எண்ணிப் பாக்க அதிகாரி வேணும். 235 கிலோமீட்டர் கரைக்கு ராத்திரி பகலா எத்தனை அதிகாரி போடுவீங்க? மூச்சுக்கு அதிகாரி வேண்டாம். அது உள்ளேயே உக்காந்திருக்கு.

நான் இதை எழுதுறதுக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்து கடிகாரம் பாத்து மூச்சடக்கினேன். 48 செகண்ட். அதுவும் எந்த வேலையும் செய்யாம. தயவு செஞ்சு யாரும் இதைத் தண்ணியில தனியா செஞ்சு பாக்காதீங்க. ஏன்னு சொல்றேன். மூச்சு விடணும்ங்கிற தவிப்பைத் தர்றது பெரும்பாலும் கரியமில வாயு ஏறுறது, ஆக்ஸிஜன் குறையறது இல்லை. முங்குறதுக்கு முன்னாடி வேக வேகமா மூச்சு வாங்கினா கரியமில வாயு குறையும், தவிப்பு தாமதமா வரும், ஆக்ஸிஜன் மட்டும் தீர்ந்துக்கிட்டே இருக்கும். பத்து மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கிறதை விட ரெண்டு மடங்கு. அங்கே போதுமா இருக்கிற ஆக்ஸிஜன், மேல வரவர அழுத்தம் பாதியா குறையறப்ப போதாம போயிடும். அதனால தான் நிறைய பேருக்கு கடைசி சில மீட்டர்ல, தண்ணி மட்டத்துக்கு வந்த பிறகு கூட, நினைவு தப்புது. வலி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. கூட ஆள் இருந்தா பிழைப்பான், இல்லைன்னா இல்லை. ஒருத்தர் முங்கினா ஒருத்தர் மேல இருந்து பாக்கணும்ங்கிறது தான் அங்கே சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம். பெரிய மீன் அடியில நிக்குது, இன்னும் அஞ்சு செகண்ட் இருந்தா சிக்கிடும். அந்த அஞ்சு செகண்ட்ல தான் உயிர் போகுது.

இதையெல்லாம் சேர்த்துப் பாக்கிறப்ப எனக்குப் படுறது இவ்வளவு தான். சாமி பயம், பண்ணையார் பங்கு, திறந்த கதவு, ஊர்க் கூட்டம்னு நாலு பதிலும் வெளியிலிருந்து போட்ட எல்லைகள். ஆனா குத்துக்கால் போட்டு உக்காந்தவனுக்கு உள்ளே ஒரு எல்லை எப்பவும் இருந்துச்சு. கண்ணாடி, துடுப்பு, ரப்பர், எதுவும் அதை உடைக்கலை. சிலிண்டர் ஒண்ணு தான் உடைச்சுது. அதை மட்டும் கழட்டி வெச்சுட்டு வான்னு சொல்றது நியாயம்னு தான் நான் நினைக்கிறேன். அதோட ஹாஎனா மாதிரி பக்கத்து வீட்டுக்காரன் தட்டிக் கேக்கிற ஏற்பாடும் வேணும், ஏன்னா மூச்சு பெருசா இருக்கிறவனுக்குப் பேராசையும் பெருசா இருக்கலாம்.

உங்கள்ல யாராவது கடலோர ஊர்க்காரங்க இருந்தா, உங்க ஊர்ல இப்படி 'இந்த மாசம் தொடாதே'ன்னு யார் சொன்னாங்க, யார் கேட்டாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. சிலிண்டர் விஷயத்துல என்னோட ஒத்துப் போகாதவங்களும் தாராளமா வந்து சண்டை போடலாம்.